உப்பளத்தின் அருகே ஒரு பூப்பாத்தி

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இரயிலில் சன்னலோரம் இடம் கிடைத்தால், தாமிரபரணி ஆறு தன் கடைசிப் பயணத்தில் செய்யும் வேலைகள் யாவற்றையும் பார்த்துக்கொண்டே போகலாம். செய்துங்கநல்லூர், திருவைகுண்டம், ஆழ்வார்திருநகரி ஆகிய ஊர்களைச் சுற்றி நெல்லும் வாழையும் செழித்து நிற்கின்றன. நாசரேத்தைத் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறுகிறது, பனைகள் கூடுகின்றன. ஆறுமுகநேரிப் பக்கம் வந்தால் உப்பளங்கள். அதற்கு அடுத்த நிலையம் காயல்பட்டினம். திருச்செந்தூருக்கு வடக்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில், மன்னார் வளைகுடாவை ஒட்டி அமைந்திருக்கும் ஊர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்த 'காயல்' துறைமுகம் இந்த வட்டாரத்தைச் சேர்ந்ததே.

மதரஸாக்களுக்கு ஷவ்வால் மாத விடுமுறை விட்டிருந்தது. கல்லூரியில் என்னுடன் பயின்ற நண்பர் ஒருவர் அழைத்ததன்பேரில் இவ்வூரில் நான்கு நாட்கள் தங்கினேன். காயலின் பள்ளிவாசல்களைப் பற்றியும், கடல் கடந்த வணிகத்தைப் பற்றியும், இவ்வூர் ஈன்ற மார்க்க அறிஞர்களைப் பற்றியும் பலர் எழுதியுள்ளனர். நான் எழுத முற்படுவது அவ்வளவு பெரிய பொருளைப் பற்றியன்று. இவ்வூர் வீடுகளின் முற்றத்திலும் கொல்லையிலும் உள்ள பூப்பாத்திகளைப் பற்றியே எழுதுகிறேன்.

தாயிடமிருந்து மகளுக்கு

காயல்பட்டினத்து வீடுகள் நீளமானவை. ஒரு தெருவில் தலைவாசலும் மறுபுறம் கொல்லைவாசலுமாக அமைந்தவை பல. பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வருவதற்கென்றே 'முடுக்கு' எனப்படும் சிறு சந்துகள் இருக்கின்றன. மகளுக்கு மணமுடிக்கும்போது வீட்டை அவளுக்கு அளித்து, மருமகனை அவ்வீட்டுக்கு வரவேற்பது இவ்வூரின் நெடுநாள் வழக்கம். என் நண்பரும் தம் துணைவியாரின் இல்லத்தில்தான் வாழ்கிறார். வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போவதால், வீட்டுத் தோட்டமும் அதைப் பேணும் அறிவும் அவ்வழியே போகின்றன. எந்த மூலையில் கிணற்று நீர் கரிக்கும், எந்தச் சுவரோரம் பிற்பகல் வெயில் சுடும், மருதாணியை எங்கு வைத்தால் தழைக்கும் என்பனவெல்லாம் அந்தந்த வீட்டுப் பெண்மணிகளுக்கு மனப்பாடம்.

மல்லிகை, முல்லை, செம்பருத்தி, கனகாம்பரம், இட்லிப்பூ, நந்தியாவட்டை, ரோஜா, ஓரத்தில் ஒரு மருதாணிப் புதர்: நான் கண்ட தோட்டங்களின் பொதுவான பட்டியல் இது. இவற்றை இங்கே வளர்ப்பது எளிதன்று. காரணங்கள் மூன்று: மணல், காற்று, உப்பு.

கடற்கரை மணல் நீரைப் பிடித்து வைப்பதில்லை. காலையில் ஊற்றிய நீர் மதியத்துக்குள் வேரைக் கடந்து கீழே இறங்கிவிடுகிறது. நாட்டின் பெரும்பகுதிக்கு மழை தரும் தென்மேற்குப் பருவக்காற்று, மலைக்கு அப்பால் மழையைக் கொட்டிவிட்டு, இம்மாவட்டத்திற்கு வறண்ட காற்றாகவே வந்து சேர்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அது வீசும் வேகத்தில் மேல்மண் பறக்கும். மழைக்கு அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது இடையூறான உப்பைப் புரிந்துகொள்ள, ஊருக்கு அருகிலுள்ள உப்பளத்தைச் சற்று நேரம் பார்த்தாலே போதும். பாத்தி கட்டுகிறார்கள், உப்புநீர் பாய்ச்சுகிறார்கள், வெயிலும் காற்றும் நீரைக் கொண்டுபோய்விடுகின்றன, உப்பு தங்கிவிடுகிறது. நம் வீட்டுப் பூப்பாத்தியில் நடப்பதும் இதுவே. சற்றுக் கரிக்கும் கிணற்று நீரை நாள்தோறும் ஊற்றுகிறோம். மண் திறந்து கிடப்பதால் நீர் ஆவியாகிறது. ஆவியாகும் நீர், அடியிலிருக்கும் ஈரத்தையும் அதில் கரைந்த உப்பையும் மேலே இழுத்து வருகிறது. சில மாதங்களில் மண்ணின் மீது வெண்மையாகப் பூக்கிறது, இலை நுனி கருகுகிறது, மொட்டு உதிர்கிறது. செடிக்கு நீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுகிறோம். மேலும் உப்பு சேர்கிறது.

இதைத் தடுப்பதற்கு இரண்டு வழிகளே உண்டு. நல்ல நீர் ஊற்றுவது ஒன்று; மண்ணை மூடிவைப்பது மற்றொன்று. மண்ணின் மீது வெயிலும் காற்றும் நேரே படாதவாறு பரப்பும் பொருளை வேளாண் துறையினர் 'மூடாக்கு' என்று அழைக்கின்றனர். மூடாக்கு ஆவியாதலைக் குறைக்கும். மண்ணின் சூட்டைத் தணிக்கும். களை முளைப்பதைத் தடுக்கும். சருகு போன்ற பொருளாயின், மட்கி மண்ணோடு கலந்து, மணலுக்கு நீரைப் பிடித்துவைக்கும் தன்மையையும் தரும்.

கொளுத்தப்படும் செல்வம்

நான் தங்கிய ஒவ்வொரு நாளும் சுப்ஹுத் தொழுகை முடிந்து திரும்பும் வழியில் விளக்குமாற்றின் ஓசை கேட்கும். வேம்பு, மா, பாதாம், முருங்கை என மரங்கள் உதிர்த்த சருகெல்லாம் கொல்லை மூலையில் குவிக்கப்படும். சிறிது நேரத்தில் புகை எழும். பின்னர் அதே வீட்டார், செடிகளுக்குப் போடுவதற்காகக் கடையில் தேங்காய் நார்க்கழிவுக் கட்டி வாங்கி வருவதையும் கண்டேன்.

நண்பரின் மாமியார் எழுபது வயதைக் கடந்தவர். அவர் பராமரிக்கும் கொல்லையில் மட்டும் புகை எழவில்லை. என் வினாக்களுக்குக் கதவின் மறைவிலிருந்தே விடை கூறினார். "மரம் சும்மா குடுக்குறதைக் கொளுத்திப்போட்டு, கடைக்காரன் விக்கிறதுக்கு ஓடுறோம் உஸ்தாது" என்று அவர் சொன்னபோது, உள்ளே பேத்திகள் சிரித்தார்கள். ஆயினும் அவருடைய மல்லிகைப் பாத்தியைப் பார்த்தபின் எவரும் சிரிக்க இயலாது. சருகை விலக்கி விரலை நுழைத்தால், சித்திரை வெயிலிலும் மண் ஈரமாகவே இருந்தது. பக்கத்திலுள்ள திறந்த மணல், கால் வைக்க முடியாதபடி சுட்டது.

எது உகந்தது?

எல்லாச் சருகும் எல்லாச் செடிக்கும் ஒத்துப்போவதில்லை. இப்பகுதியில் கிடைக்கும் பொருள்களின் குணங்களை, நான் அங்கே பார்த்தும் கேட்டும் படித்தும் அறிந்த வகையில் தருகிறேன்.

வேப்பஞ்சருகு: விரைவில் மட்கும். எனவே அடிக்கடி சேர்க்க வேண்டும். கனகாம்பரத்தின் வேர்களை நூற்புழு தாக்குவது வழக்கம். அச்செடிக்கு வேப்பிலையும் வேப்பம் பிண்ணாக்கும் ஏற்றவை. மல்லிகைக்கும் நல்லது.

மா, பாதாம் இலைகள்: அகலமானவை. முழுதாகப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஓடு வேய்ந்ததுபோல் ஆகி, நீரை வழியச் செய்துவிடும். கையால் நொறுக்கியோ கத்தியால் நறுக்கியோ போட வேண்டும்.

சவுக்கு இலை: ஊசி போன்ற இவ்விலைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் கடற்காற்றிலும் எளிதில் பறப்பதில்லை. நீரைத் தடையின்றி உள்ளே விடும். மெல்ல மட்கும். களையையும் நன்கு அடக்கும். ஆதலால் வளர்ந்த செடிகளுக்குப் போடலாம். விதைத்த நாற்றுப் பாத்தியில் போடலாகாது.

வாழைச் சருகும் மட்டையும்: ஏரல், ஆத்தூர் வட்டாரத்தில் வாழை மிகுதி. மட்டையைத் துண்டு துண்டாக நறுக்கிப் பரப்பினால் ஈரத்தை நெடுநேரம் காக்கும். மட்கும்போது பூப்பதற்குத் துணைபுரியும் சாம்பல்சத்தைத் தரும். ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் உகந்தது.

வைக்கோல்: நல்ல மூடாக்குதான். எனினும் அதில் தங்கிய நெல்மணியும் களை விதையும் முளைக்கும். கறையானையும் ஈர்க்கும். உதறிப் போட வேண்டும்.

உமியும் கடலைத் தோலும்: இலேசானவை. ஆனியிலும் ஆடியிலும் வீசும் காற்றில் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இவற்றைப் போட விரும்புவோர், நனைத்துப் பரப்பி, மேலே சிறிது கனமான சருகை இட வேண்டும்.

மரத்தூள்: புதிதாக அறுத்த மரத்தூளை மண்ணோடு கலந்தால், அது மட்குவதற்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடி வெளிறிப்போகும். பல மாதங்கள் குவித்து வைத்து, கறுத்த பிறகே பயன்படுத்தலாம்.

தேங்காய் நார்க்கழிவு: தன் எடையைப்போல் 5 மடங்குக்கும் அதிகமான நீரைப் பிடிக்க வல்லது. மணற்பாங்கான ஊருக்கு இது வரம் என்றே பலர் கருதுகின்றனர். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, உவர்நீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்ததாயின் அதிலேயே உப்பு இருக்கும். நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, மீண்டும் இருமுறை அவ்வாறே செய்தல் வேண்டும். கரிக்கும் கிணற்று நீரில் அலசுவதால் பயனில்லை. இரண்டாவது, மட்காத நார்க்கழிவும் மரத்தூளைப் போலவே தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் இட்டு இதை மட்க வைக்கும் முறையைப் பரப்பியுள்ளனர். மட்கியதைக் கேட்டு வாங்குவது நலம்.

தேங்காய் மட்டை: காயலில் எளிதாகக் கிடைப்பது இதுவே. இதைப் பயன்படுத்துவதில் ஒரு நுட்பம் உண்டு. மண்ணுக்கு மேலே பரப்புவதாயின் மட்டையின் முதுகு வானத்தைப் பார்க்க வேண்டும். மண்ணுக்குள் புதைப்பதாயின் குழிவான பக்கம் மேல்நோக்கி இருக்க வேண்டும். புதைத்த மட்டை கிண்ணம்போல் நீரை ஏந்தி வேருக்குக் கொடுக்கும். அதே மட்டை மேலே மல்லாந்து கிடந்தால் மழைநீர் தேங்கி, டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவுக்குத் தொட்டிலாகிவிடும். குழந்தைகள் உள்ள வீடுகளில் இதை ஒருபோதும் மறக்கலாகாது. சிரட்டைக்கும் இதே விதிதான்.

கூழாங்கல்லும் சிப்பியும்: பார்வைக்கு அழகானவை. கல் பறக்காது, மட்காது. ஆவியாதலை ஓரளவு தடுக்கவும் செய்யும். ஆயினும் பகலெல்லாம் வெயிலை வாங்கிச் சூடேறும். மண்ணுக்கு ஊட்டம் எதுவும் தராது. கற்றாழை, பாலைவன ரோஜா, பத்துமணிப்பூ போன்றவற்றுக்கு மட்டும் ஏற்றது. கடற்கரையில் பொறுக்கிய சிப்பியை மேலும் யோசித்தே இட வேண்டும். அது சுண்ணாம்பு, மண்ணைக் காரத்தன்மையுடையதாக ஆக்கும். அத்தகைய மண்ணில் இட்லிப்பூவின் இலை மஞ்சளாகிவிடும்.

நெகிழித் தாள்: காய்கறிப் பண்ணைகளில் சொட்டுநீர்க் குழாயுடன் சேர்த்துப் பயன்படுத்துவது வேறு. வீட்டுப் பாத்தியில் கறுப்புத் தாளை விரித்தால் மண் சூடேறும். சிறு மழை உள்ளே இறங்காது. வெயிலில் நைந்து துண்டு துண்டாகி மண்ணில் கலக்கும்.

போடும் முறை

நல்ல பொருளையும் முறை தவறிப் போட்டால் தீங்காகும். முதலில் களையை அகற்றி, தொழுவுரம் இட்டு, நன்றாக நீர் பாய்ச்ச வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால் காய்ச்சலையே மூடிவைத்ததாக ஆகும். ஈரமண்ணின் மீது, கரடான சருகாயின் 3 அங்குலக் கனத்திலும், நார்க்கழிவு போன்ற மென்மையான பொருளாயின் ஒன்றரை அங்குலத்திற்கு மிகாமலும் பரப்ப வேண்டும். மென்பொருளை அதிகமாகப் போட்டால், சிறு தூறலை அதுவே குடித்துவிடும். வேருக்கு ஒன்றும் எட்டாது.

செடியின் தண்டைச் சுற்றி 3 அங்குல இடம் விட வேண்டும். தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும். வீட்டுச் சுவரிலிருந்தும் மரக்கதவு நிலைகளிலிருந்தும் ஓர் அடியேனும் தள்ளி இடுவது கறையானிடமிருந்து வீட்டைக் காக்கும். நடைவழியில் சருகைக் குவிக்கவேண்டாம். தேள், பூரான் அடையும்.

10 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள பாத்திக்கு 3 அங்குலக் கனத்தில் பரப்ப ஏழரைக் கன அடி சருகு தேவை. சில வாரங்களில் அது அமிழ்ந்து பாதியாகும். மேலும் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். ஓர் ஆண்டு முழுவதும் ஒரு கொல்லையில் கொளுத்தப்படும் சருகை எண்ணிப் பார்த்தால், தட்டுப்பாடு வர வாய்ப்பே இல்லை என்பது விளங்கும்.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாளைக்கு ஐந்து வேளை வுழுச் செய்யும் நீர், சோப்புக் கலவாத தூய நீர். பல வீடுகளில் அது சாக்கடைக்கே போகிறது. நண்பரின் இல்லத்தில் வுழுச் செய்யும் இடத்திலிருந்து ஒரு சிறு வாய்க்கால் நேரே மல்லிகைப் பாத்திக்குச் செல்கிறது. அவ்விடத்தில் குழாய் நீரே வருவதால் உப்பும் சேர்வதில்லை. மூடாக்கு இட்டிருப்பதால் அந்தச் சிறு அளவு நீரே அப்பாத்திக்குப் பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது என்றார் நண்பர்.

வெள்ளம் வந்த ஆண்டு

இவ்வூரைப் பற்றி எழுதுவோர் 2023 டிசம்பரைக் கூறாமல் விட இயலாது. 17ஆம் தேதியும் 18ஆம் தேதி காலையும் பெய்த மழையில், 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் அம்மாவட்டத்தில் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். இரயில் பாதை அரிக்கப்பட்டதால், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டியின் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் திருவைகுண்டத்தில் சிக்கி நின்றதை நாடே அறியும். வீடுகளுக்குள் நீர் புகுந்தபோது, பூப்பாத்தியைப் பற்றி எவர் நினைத்திருக்க முடியும்? உயிரும் உடைமையும் காப்பதே அன்று கவலை.

நீர் வடிந்த பிறகு பல கொல்லைகளில் மேல்மண் காணப்படவில்லை. இலேசான சருகும் நார்க்கழிவும் மிதந்து சென்று நீர்போக்கிகளை அடைத்திருந்தன. பாத்தியின் விளிம்பில் தேங்காய் மட்டைகளை நெருக்கமாகப் பாதியளவு புதைத்து வரிசை கட்டியிருந்த இடங்களில் மட்டும் மண் ஓரளவு தங்கியிருந்தது என்று நண்பர் கூறினார். மாமியாரின் மல்லிகை அவ்வாறு தப்பியதே. நன்னீர் வெள்ளம் மணலில் இருந்த உப்பைக் கரைத்துக் கீழே இறக்கிவிடும் என்பது உண்மை. அத்துடன் உரச்சத்தையும் கொண்டுபோய்விடும் என்பதும் உண்மை. அதன்பின் மண்ணைத் தேற்றுவதற்குச் சருகை விட எளிய மருந்து வேறில்லை.

ஆனால் நான் கண்ட ஒரு காட்சி மனத்தை வருத்தியது. வெள்ளத்திற்குப் பின் சில வீடுகளில் பூப்பாத்திகளை மூடிக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். கொல்லை முழுவதும் வழவழப்பான கல் பதித்தவர்களும் உண்டு. மகன்கள் வெளிநாட்டில், வீட்டில் இருப்பவரோ முதிய பெண்மணி ஒருவர். சேறு அள்ளி அலுத்த கைகள் அவை. அவர்களைக் குறைகூற எனக்கு வாயில்லை. ஆயினும் மண்ணை அவ்வாறு மூடுவதும் சருகால் மூடுவதும் ஒன்றாகா. கான்கிரீட் போட்ட கொல்லையில் அடுத்த மழை இறங்குவதற்கு இடமில்லை; அது வாசற்படியை நோக்கித்தான் வரும். கிணற்றுக்கு நன்னீர் ஊறாமற்போனால், கரிப்பும் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். வெயில் காலத்தில் வீடே அனலாகும். மழைநீரை மண்ணில் இறக்கும் வாய்களில் பூப்பாத்தியும் ஒன்று; அதைத் திறந்து வைத்திருப்பது வீட்டிற்கே பாதுகாப்பு.

ஆண்டுக்கு ஒரு சுற்று

கடற்கரை ஊர்களில் வாழும் சகோதரிகள் கீழ்க்கண்டவாறு ஓர் ஒழுங்கை வைத்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை முடிந்து, மண் ஈரமாக இருக்கும் ஜனவரியில் முதல் மூடாக்கை இடுங்கள். மல்லிகை பூக்கத் தொடங்கும் மார்ச்சில் குறைந்த இடத்தை நிரப்புங்கள். காற்று தொடங்குமுன், மே மாத இறுதியில், சவுக்கு இலை அல்லது கவிழ்த்த தேங்காய் மட்டையைக் கொண்டு கனமாக மூடுங்கள். அக்டோபரில் மழை தொடங்குமுன் மட்காத சருகை அள்ளிக் குழியில் சேர்த்து, மட்கியதைக் கிளறி மண்ணோடு கலந்துவிடுங்கள். ரோஜாவுக்கு இது மிக அவசியம். மழைக்காலத்தில் ஈரச்சருகு அடியில் கிடந்தால் நோய் பற்றும். நவம்பர் இறுதியில் மல்லிகையைக் கவாத்துச் செய்து உரமிடுங்கள். குழியில் சேர்த்தது ஜனவரியில் மீண்டும் பாத்திக்கு வரும்.

இதற்குப் பணம் ஏதும் செலவில்லை. வேண்டுவது, காலையில் கூட்டிய சருகைத் தீக்கு அனுப்பாமல் செடிக்கு அனுப்பும் ஒரு பழக்கம். நண்பரின் இல்லத்தில் அந்தப் பழக்கம் நான்காம் தலைமுறையை எட்டியிருக்கிறது. எட்டு வயதுப் பேத்தி, மல்லாந்து கிடந்த மட்டை ஒன்றைக் காலால் கவிழ்த்துவிட்டு ஓதப் போனாள். அவளுக்கு எவரும் அதைச் சொல்லவில்லை; பார்த்தே கற்றிருக்கிறாள். நாளை அந்த வீடும் கொல்லையும் அவளுடையவை. உப்பளத்துக்கு இவ்வளவு அருகில் அவள் காலத்திலும் மல்லிகை பூக்கும், இன்ஷா அல்லாஹ்.